காட்டச் சொன்னவர்

அவருடைய பெயரை இங்கே எழுத முடியாது. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. ஆய்வகத்தில் அவருடைய ரத்தக் குழாய்களின் மேல் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் ஒட்டியிருக்கும். நேரில் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். அவர் என்னை, கொங்குப் பக்கம் சின்னப் பெண்களைக் கூப்பிடுவதுபோல, அம்முணி என்றார். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. ஆராய்ச்சிப் பட்டமெல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆத்தூர்ப் பக்கத்தில் பிறந்த என்னை அதுவரை யாரும் அம்முணி என்று கூப்பிட்டதில்லை. முதல் தடவை கேட்டபோது பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சேலத்துக்கு வெளியே, ஒரு தனியார் மருத்துவமனையை ஒட்டி எங்கள் ஆய்வகம் இருந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது. உடம்பின் காவலுக்கென்று இருக்கும் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே அது புகுந்துகொள்ளும். புகுந்த பிறகு பல பத்தாண்டுகள் சும்மா இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் ஒருநாள் நோயாகத் திரும்பும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிடம் ரத்தம் வாங்கி, அதிலிருந்து அந்தக் காவல் அணுக்களைப் பிரித்து, குடுவையில் வைரஸைத் தொற்றவைத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அக்கா முதலில் வந்தது ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க அல்ல. அவருடைய தங்கை அந்த நோயில் இறந்துபோயிருந்தார். குடும்பத்தார் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போய், முடிவு கேட்க வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, கையில் பெரிய சாவிக்கொத்து, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. அன்று மருத்துவர் இல்லாததால் முடிவைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"உங்களுக்கு இல்லைங்க்கா" என்றேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பில் சிரித்திருப்பேன்.

"இல்லைன்னா?"

"அந்த வைரஸ் உங்க ரத்தத்துல இல்லை."

"செரிங்க. காட்டுங்க."

"எதைங்க்கா?"

"இல்லைங்கறத."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய்ப் பரிசோதனைப் பட்டைகள் இரண்டைக் கொண்டுவந்து ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காட்டினேன். வைரஸ் இருப்பவருடையதில் பல கோடுகள், அவருடையதில் பரிசோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்கான ஒற்றைக் கோடு. கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று பார்த்தார். அந்தக் கோடு எதற்கு, இந்தக் கோடு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகுதான், "அப்ப எனக்கு இல்லீங்க" என்றார். அந்தச் செய்தியை அவருக்கு நான் சொல்லவில்லை, அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

இது அவருடைய சுபாவம். அடுத்தவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். செவ்வாய்ப்பேட்டையில் ஒருமுறை அவரோடு துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் அரக்கு நிறம் என்று ஒரு புடவையை விரித்தார். அக்கா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு இறங்கிவிட்டார். ஆட்டோக்களும் மூட்டை ஏற்றும் வண்டிகளும் இடித்துக்கொண்டு போகிற அந்தச் சந்தில், வெயில் விழும் ஒரு துண்டு இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே புடவையை உதறி விரித்துப் பார்த்தார். கடைக்காரர் படியில் நின்று, "ஏனுங்க, நாங்க சொன்னா நம்பமாட்டீங்களா?" என்று கத்தினார். "நம்பாமயா உங்க கடைக்கு வந்தேன்? நெறத்த வெயில்ல பாக்கோணுமுங்க, அவ்ளோதான்" என்று அங்கிருந்தே பதில் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். யாரையும் அவமானப்படுத்துகிற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை. பார்க்காமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

நாமக்கல்லில் அவருக்கும் அவர் கணவருக்கும் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை இருந்தது. அங்கேயும் இதே கதைதான் என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார். கட்டி முடித்த வண்டியை வெளியே அனுப்பும் முன் அக்கா வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு பற்றவைப்பையும் பார்ப்பாராம். "என்னையக் கட்டிக்கறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பாத்திருப்பா போலிருக்குதுங்க" என்று அவர் சொன்னபோது, அக்கா திரும்பி, "பாத்தேன். செரி, பரவால்லன்னுதான் கட்டிக்கிட்டேன்" என்றார்.

முடிவைப் பார்த்த அன்றே அவர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்க என்ன பண்றீங்க?"

சொன்னேன்.

"நல்லா இருக்கறவங்க ரத்தம் வேணுமா அதுக்கு?"

"ஆமாங்க்கா."

"என்ற ரத்தத்த எடுத்துக்கங்க."

அவசரப்பட வேண்டாம், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். வைரஸை அவர் உடம்பில் ஏற்ற மாட்டோம், வெளியே எடுத்த ரத்தத்தின் அணுக்களில்தான் என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் புரியுதுங்க. ஆனா ஒண்ணு. அது என்ற செல்ல என்ன பண்ணுதுன்னு எனக்குக் காட்டோணும். என்ற தங்கச்சி ஒடம்புல என்ன நடந்துச்சுன்னு யாரும் எனக்குக் காட்டல" என்றார்.

ரத்தம் கொடுத்த யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எங்கள் துறைத் தலைவர் நெறிமுறைக் குழுவிடம் கேட்டார். செல் வளர்க்கும் அறைக்குள் வெளியாட்கள் வரக் கூடாது. ஆனால் நுண்ணோக்கியில் தெரிவதைக் கண்ணாடிக்கு வெளியே உள்ள திரையில் காட்டலாம், அவர் தம் ரத்தத்தில் நடப்பதைப் பார்ப்பதில் தடையில்லை என்று பதில் வந்தது. அப்படித்தான் அந்த அக்கா எங்கள் ஆய்வகத்துக்கு வந்துபோகிறவர் ஆனார்.

தங்கையைப் பற்றி அவர் பேசியது குறைவு. பேசியபோது ஒரேயொரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "சரியாயிரும், சரியாயிரும்னாங்க அம்முணி." முதலில் தோலில் தடிப்பு வந்திருக்கிறது. பிறகு சோர்வு, நெறிகட்டு, ஓயாத தாகம், கடைசியில் ஆளே தெரியாத குழப்பம். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ரத்தத்தில் கொஞ்சம் கோளாறு, சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அக்காவும் தங்கையிடம் அதையே சொன்னார். "நானும் பாக்காமயே சொன்னேன். என்ற வாழ்க்கையில பாக்காமச் சொன்னது அந்த ஒரு பேச்சுதான்" என்றார் ஒருநாள், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே.

அவர் ரத்தத்திலிருந்து பிரித்த செல்களை மூன்று குடுவைகளில் வைத்தோம். ஒன்றில் அவருடைய செல்கள் மட்டும். இரண்டாவதில், வைரஸ் பிடித்த செல்கள் வளர்ந்த நீரை மட்டும் வடிகட்டி ஊற்றினோம். மூன்றாவதில், வைரஸ் பிடித்த அந்தச் செல்களையே விட்டோம், அவை மேற்கொண்டு பெருக முடியாதபடி கதிர்வீச்சு கொடுத்துவிட்டு. மூன்றுக்கும் ஒரே சூடு, ஒரே ஊட்டம்.

முதல் வாரம் திரையில் காட்டியபோது, "வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்குது" என்றார். மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவருக்கு ஏமாற்றம். அடுத்தடுத்து வந்தார். வாரங்கள் போகப்போக முதல் குடுவையில் செல்கள் சுருங்கி மங்கிக்கொண்டு வந்தன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும் நிறைய செத்தன. ஆனால் ஓரமாகச் சில செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னக் கொத்தாக நின்றன. பிறகு அந்தக் கொத்து பெரிதானது. இன்னொரு கொத்து வந்தது.

அன்று அவர் திரையின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணும் என்றதுதானே?"

"மூணும் உங்களுதுதாங்க்கா."

"மொதல்ல இருக்கறது ஏன் செத்துப்போச்சு?"

"வெளியே எடுத்த செல் அப்படித்தான். கொஞ்ச நாள் பெருகும், அப்பறம் ஓஞ்சுரும். அதுதான் அதோட இயல்பு."

"மூணாவது?"

"அதுக்கு ஓய முடியலை. வைரஸ் உள்ளே உக்காந்துக்கிட்டு நிறுத்தவிடாம ஓட்டுது. நாங்க கூட வெச்ச செல்லெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. இப்ப அங்க பெருகறது உங்க செல்லுதான்."

"சாவாம இருக்கறது நல்லதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "இது என்ற தங்கச்சிகிட்ட இருந்து எடுத்த வைரஸா?" என்று கேட்டார்.

"இல்லைங்க்கா. வேற யாரோ. ஆனா அதே வைரஸ்தான்."

"ரெண்டாவதுலயும் ஊத்துனீங்கல்ல? அங்க ஏன் ஒண்ணுங் காணோம்?"

"நீரா ஊத்தினா அது சாதாரணமா ஏறாதுங்க்கா. வைரஸ் இருக்கற செல் உயிரோட வந்து நம்ம செல் மேல ஒட்டணும். ஒட்டின எடத்துல கைமாறும். காத்துல வராது, தொட்டா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது."

அவர் முகம் மாறியது. "அவ டம்ளரத் தனியா வெச்சாங்க அம்முணி. எங்கூட்டுக்கு வந்தப்ப நானும் தனியாத்தான் வெச்சேன்" என்றார். நான் திரையை அணைக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று தடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தாய்ப்பால்ல அப்படி உசுரோட செல்லு இருக்குதா?"

"இருக்குங்க்கா. அந்த வழியாத்தான் உங்கம்மாகிட்ட இருந்து தங்கச்சிக்கு வந்திருக்கணும்."

"அதச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. காதுல உழுந்துச்சு." சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "என்ற தங்கச்சி மக புள்ள பெத்து ஒரு மாசம் ஆவுது. நீ எங்கூட வா."

அந்தப் பெண்ணையும் பரிசோதிக்கச் சொல்லித்தான் மருத்துவர் அனுப்பியிருந்தார். அப்போது அவள் கர்ப்பிணி. புகுந்த வீட்டில் விஷயம் போகுமே என்று பயந்து தட்டிக்கழித்துவிட்டாள். தகப்பனும் இல்லாத பெண், இந்த நேரத்தில் வற்புறுத்த வேண்டாம் என்று அக்காவும் விட்டுவிட்டார். இப்போது மருத்துவர் சொன்ன அந்தப் பேச்சு முழுவதும் ஒரு திரையின் முன்னால் அவருக்கு உயிரோடு திரும்பி வந்துவிட்டது. துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு நான் அவருடைய காரில் ஏறினேன். அவரேதான் ஓட்டினார். ஓமலூருக்குப் போனோம்.

ஊருக்கு வெளியே, மரவள்ளிக் காட்டை ஒட்டி வீடு. தங்கை மகளின் மாமியார் வாசலுக்கு வந்து, "வாங்க சம்மந்தி, ஒரு போன் பண்ணீருக்கலாமுங்கல்ல" என்று வரவேற்றார். என்னை யார் என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கறவங்க" என்று அக்கா ஒளிக்காமல் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். நான் நோயைப் பற்றிச் சொன்னேன். மாமியார் பாதியிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"பச்சப் புள்ளைக்குப் பால நிறுத்தச் சொல்றீங்களா? எந்த ஊட்லயாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா? உங்க தங்கச்சிக்கு வந்துச்சுன்னா எம் மருமகளுக்கும் வந்துருமா?"

"வந்துருச்சுன்னு நான் சொல்லலீங்க. எனக்கு வரல. நாங்க ரெண்டு பேரும் ஒரே தாய் பாலக் குடிச்சவங்க. அவளுக்கு வந்துச்சு, எனக்கு வரல. அதனாலதான் பாக்கோணுங்கறேன்."

"நல்லாத்தான இருக்கறா?"

"என்ற தங்கச்சியும் நல்லாத்தாங்க இருந்தா. எங்கம்மாளும் கடசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க."

உள்ளறைக் கதவருகில் அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது இருக்கும்.

"பெரிம்மா, பாத்துட்டா அப்பறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது" என்றாள்.

அக்கா எழுந்து அவளிடம் போனார். "பாக்காட்டியும் இருக்கறது இருக்கத்தான் செய்யும் கண்ணு. உனக்கு இருக்கோ இல்லையோ, அத இனி மாத்த முடியாது. இவனுக்குப் போகாமப் பாத்துக்கலாம். இன்னிக்கு இருந்தே பாத்துக்கலாம்."

"ஊருக்குள்ள தெரிஞ்சா?" என்றார் மாமியார். அவருடைய குரலில் கோபம் போய்விட்டிருந்தது. மிஞ்சியது பயம்தான்.

"இந்த ஊட்ல இருக்கறவங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதுமுங்க. என்ற வாயில இருந்து வெளிய வராது."

அந்தப் பெண்ணின் கணவன் மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். காலை ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டைகூட மாற்றாமல் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்து, "எனக்கும் சேர்த்துப் பாக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டான். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும் என்றேன். "அப்பக் கெளம்பலாம்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அவனுக்கு இல்லை. அவளுக்கு இருந்தது.

மருத்துவர் அதைச் சொன்னபோது நானும் அக்காவும் உடன் இருந்தோம். அந்தப் பெண் அழுதாள். இது நோய் அல்ல, வைரஸ் இருக்கிறது என்பது மட்டும்தான், பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அன்றே தாய்ப்பாலை நிறுத்தி, குழந்தைக்கு மாற்றுப்பால் கொடுக்க ஏற்பாடானது. பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல் வந்ததாகவும், அக்கா நாமக்கல் பட்டறையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஓமலூரில் போய்த் தங்கியதாகவும் கேள்விப்பட்டேன். மாமியார் முதல்நாள் முழுக்க யாரோடும் பேசவில்லையாம். மறுநாள் காலையில் அவரே எழுந்து புட்டிகளைக் கொதிக்கவைத்து ஆற்றினாராம். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு, "எம் மருமகளுக்குப் பால் பத்தலீங்க" என்று இவரே முந்திக்கொண்டு சொன்னாராம்.

குழந்தைக்குப் போயிருக்கிறதா இல்லையா என்று உடனே தெரியாது. இந்த இடத்தில்தான் அக்கா மிகவும் கஷ்டப்பட்டார். அடுத்த முறை ரத்தம் கொடுக்க வந்தபோது கேட்டார்.

"புள்ளைக்கு எப்பப் பாக்கலாம்?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகணுங்க்கா. அம்மாவோட எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்துல கொஞ்ச காலம் சுத்திக்கிட்டு இருக்கும். இப்பப் பார்த்தா, இல்லாட்டியும் இருக்கற மாதிரி காட்டும்."

"காட்டறதே பொய்யாவும் இருக்குமா?"

"சில நேரம் இருக்குங்க்கா."

இப்படியொன்று உண்டென்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பத்து விரல்களையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று திரையைப் பார்க்காமலே கிளம்பினார். ஆனால் அடுத்த முறையும் வந்தார், அதற்கடுத்த முறையும் வந்தார். அவருடைய மூன்றாவது குடுவையின் செல்கள் இப்போது வேறு குடுவைகளுக்கும் பரவியிருந்தன. எந்த மருந்து கொடுத்தால் அவை நிற்கின்றன என்று நாங்கள் பார்க்கத் தொடங்கியிருந்தோம். "நின்னுச்சா?" என்று கேட்பார். "கொஞ்சம் நின்னுது. அப்பறம் மறுபடி கெளம்பிருச்சு" என்றால், "செரி, வேறது போட்டுப் பாருங்க" என்பார், பட்டறையில் ஆளிடம் பேசுவதுபோல.

குழந்தை தவழத் தொடங்கிய சமயத்தில் தங்கை மகளையும் ஒருநாள் அழைத்துவந்தார். அவளுக்கு என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருப்பாள், கண்ணாடி முன் வந்து நின்றதும் கேட்டாள்.

"எங்கம்மாளுக்கு வந்தது எனக்கும் வருமாங்க?"

"நிறையப் பேருக்கு வர்றதில்லைம்மா."

"எனக்குங்க?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதையும் காட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "தெரியாதும்மா" என்றேன். "யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு முன்னாடியே சொல்ல இன்னும் எங்களுக்குத் தெரியலை. அதைத்தான் தேடறோம். நீ தவறாம ரத்தம் பார்த்துக்கிட்டு வரணும். ஏதாவது மாறுனா முன்கூட்டியே தெரியும்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் முதுகில் கை வைத்தார். "கேட்டுக்கிட்டியா? தெரியாதுன்னு சொல்றாங்க. உங்கம்மாகிட்ட இப்படி ஒருத்தராவது சொல்லியிருந்தா, அவ தைரியமா இருந்திருப்பா. என்ன ஏதுன்னு தெரியாமயே போய்ச் சேந்துட்டா" என்றார். பிறகு என்னிடம், "நீ தேடு அம்முணி. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க" என்றார். அதற்கு முன்பு எத்தனையோ பேர் எங்கள் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அக்காவின் அந்தச் சொல் அளவுக்கு எதுவும் என்னை வேலை செய்யவைத்ததில்லை.

குழந்தை நடக்கத் தொடங்கி, ஓடவும் கற்றுக்கொண்ட பிறகு பரிசோதனை செய்தோம். ஒன்றுக்கு இரண்டு முறையாக, இரண்டு விதமாகப் பார்த்தோம். இல்லை. அக்கா முழுவதையும் பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்தபின் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. நான் போகவில்லை. மாமியார்தான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றார்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்தக் குடும்பத்தில் வைரஸ் வந்த வழி தாய்வழி. அக்காவின் அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர், எல்லோரும் பெண்கள். அவர்களுக்கும் பெண்கள், அந்தப் பெண்களுக்கும் பெண்கள். திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பரமத்திப் பக்கமும் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் கர்ப்பமாக இருந்தார்கள், சிலர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் ஓமலூர் வீட்டில் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். குழந்தையின் முடிவு வரும்வரை அந்தச் சொல்லுக்கும் இந்தக் கவலைக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டு கிடந்தது எனக்குத் தெரியும். தங்கையின் பெயரைச் சொல்லி அவர்களைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவரும் வரவில்லை. செத்தவளைக் காரணம் காட்டி எங்கள் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தரப் பார்க்கிறாயா என்று ஒரு சித்தி வீட்டில் கேட்டேவிட்டார்கள்.

முடிவு வந்த அன்று கிளம்பும்போது, தங்கை மகள் காருக்கு அருகில் நின்று, "பெரிம்மா, எம் பேரச் சொல்லியே கூப்புடுங்க. எனக்கு இருக்குது, எம் பையனுக்கு இல்லைன்னு சொல்லுங்க. வேணும்னா நானே வந்து சொல்றேன்" என்றாள். அக்கா மாமியாரைப் பார்த்தார். அந்த அம்மா பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "எம் பேரனையும் கூட்டிக்கிட்டுப் போலாம். பாத்தா நம்புவாங்க" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு அவர்களிடமிருந்து கொஞ்ச காலம் தகவல் இல்லை. ஒரு காலையில் ஆய்வக வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் அக்கா இறங்கினார். பின்னால் ஓமலூர் மாமியார், இடுப்பில் பேரன். அப்புறம் ஒவ்வொருவராகப் பெண்கள். வயதானவர்கள் இரண்டு பேர், நடுவயதில் சிலர், கைக்குழந்தையோடு ஒருத்தி. சண்டை போட்ட சித்தியும் வந்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார், ஆனாலும் வந்திருந்தார். ரத்தம் எடுக்கும் அறையில் உட்கார இடமில்லாமல் துறைத் தலைவரின் அறையிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டோம். தங்கை மகள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் உள்ளே வந்தபிறகும் வேனில் ஒருத்தி மட்டும் இருந்தாள். புதிதாகக் கல்யாணமானவள், அப்போதுதான் மூன்றாம் மாதம். இறங்க மாட்டேன் என்று ஜன்னலோரமாக ஒண்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா கூப்பிட்டுப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். பலிக்கவில்லை. நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "சித்த நேரம் இரு" என்று சொல்லிவிட்டு அக்கா வேனுக்குள் ஏறி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

அவரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கவில்லை, வற்புறுத்தவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"பயமா இருக்குதுங்க பெரிம்மா" என்றாள் அந்தப் பெண், கடைசியில்.

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் பயந்தான் கண்ணு" என்றார் அக்கா. "பயம் போவட்டும்னு இருந்தா ஆருமே எறங்க முடியாது. வா, பயந்துக்கிட்டே எறங்கு. நான் கையப் புடிச்சுக்கறேன்."

அவள் இறங்கினாள்.